92 விநாடிக்கு ஒருமுறை: ஒன்பது நாள் ஓயாத அந்த அதிர்வு

கருங்கல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, ரொம்ப நாளாக இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். 2023 செப்டம்பர் 16 அன்று உலகம் முழுக்க உள்ள நில அதிர்வு நிலையங்களில் ஒரு விசித்திரமான பதிவு தொடங்கியது. நிலநடுக்கப் பதிவு என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். கூரான கோடுகள் தாறுமாறாக எழும், பல அதிர்வெண்கள் கலந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. ஒரே ஒரு அதிர்வெண். ஏறத்தாழ 92 விநாடிக்கு ஒரு ஏற்ற இறக்கம். வட துருவப் பகுதியிலிருந்து அண்டார்டிகா வரை எல்லா இடத்திலும் அதே தாளம். ஒன்பது நாள் அது நிற்கவில்லை.

இது என்ன என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. ‘அடையாளம் தெரியாத அதிர்வுப் பொருள்’ என்றுதான் ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அதே சமயத்தில் கிழக்கு கிரீன்லாந்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு ஃபியோர்டில் (பனியாறு செதுக்கி, கடல்நீர் புகுந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு) பெரிய சுனாமி வந்துபோன செய்தி வேறொரு குழுவுக்குக் கிடைத்திருந்தது. அந்த இடத்தின் பெயர் டிக்சன் ஃபியோர்டு. இரண்டு புதிரும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கடைசியில் 15 நாடுகள், 40 நிறுவனங்கள், 68 பேர். ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் விடை வந்தது.

நடந்தது இதுதான். ஃபியோர்டின் ஓரத்தில் சுமார் 1.2 கி.மீ. உயரமுள்ள ஒரு மலைமுகடு பெயர்ந்து, கீழே இருந்த பனியாற்றையும் இழுத்துக்கொண்டு நீரில் விழுந்தது. பாறையும் பனியும் சேர்ந்து 2.5 கோடி கன மீட்டர், அதாவது 10,000 ஒலிம்பிக் நீச்சல் குளங்களின் கொள்ளளவு. எதிர்க்கரையில் நீர் 200 மீட்டர் உயரம் வரை ஏறியது. அப்புறம் அந்த நீர் கரைக்குக் கரை ஆடிக்கொண்டே இருந்தது. நிலையங்களில் பதிவான தாளம் அந்த ஆட்டம்தான்.

சுமார் 70 கி.மீ. தள்ளி ‘எல்லா’ (Ella) என்ற பெயருடைய தீவில் ஓர் ஆய்வு முகாம் இருக்கிறது. அலை அங்கும் போய்ச் சேதம் செய்தது. அப்போது அங்கே யாரும் தங்கியிருக்கவில்லை என்று படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தென்றல்வழி

நல்ல இழை. எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். வாளியில் நீரை ஆட்டிவிட்டால் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஒன்பது நாள் எப்படி? உராய்வு இருக்குமே. அதோடு, கடலோடு சேர்ந்த நீர்தானே அது, அலை வெளியே ஓடிவிடாதா?

அலைமானி

தென்றல்வழி, இந்தக் கதையின் மையமே உங்கள் கேள்விதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூடிய நீர்நிலையில் நீர் இப்படி முன்னும் பின்னும் ஊசலாடுவதற்கு செய்ஷ் என்று பெயர். ஜெனீவா ஏரியில் இதைப் பல ஆண்டு அளந்து எழுதியவர் ஃபொரெல் என்ற சுவிஸ் அறிஞர். ஏரிகளில் பெரும்பாலும் காற்றோ அழுத்த மாற்றமோ தள்ளிவிட்டு, நீளவாக்கில் ஆடும். டிக்சனில் ஆடியது குறுக்குவாக்கில். மலை விழுந்தது ஒரு பக்கச் சுவரிலிருந்து, அலை போய் மோதியது எதிர்ச் சுவரில், மோதித் திரும்பியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் என்பதால் ஒவ்வொரு மோதலிலும் இழப்பு மிகக் குறைவு. மணல் கரையாக இருந்தால் அலை அங்கேயே உடைந்து ஓய்ந்திருக்கும்.

வெளியே ஓடாததற்கும் காரணம் உண்டு. அந்த இடம் திறந்த கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே. ஒரு பக்கம் ஃபியோர்டு கூர்மையாக வளைகிறது, மறுகோடியில் பனியாறு. ஆற்றல் தப்பிக்க வழி இல்லை. வாளி உதாரணத்தில் நீரின் அளவு மிகச் சிறியது, சுவர் உராய்வின் பங்கு அதில் பெரியது. இங்கே அரை கிலோமீட்டர் ஆழ நீர். உராய்வு தொடுவது ஓரத்தை மட்டும்தான்.

ஒன்பது நாளும் அலை அதே உயரத்தில் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். கணினி மாதிரியில் ஊசலாட்டம் சுமார் 7 மீட்டரில் தொடங்கி, சில நாட்களில் சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சில சென்டிமீட்டரும் பூமியின் மறுபக்கம் வரை கேட்டிருக்கிறது.

ஓடைமணல்

அலைமானி ஐயா, நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஃபியோர்டின் அகலம் 2.7 கி.மீ., ஆழம் 540 மீட்டர் என்று படித்தேன். ஆழமற்ற நீர் அலையின் வேகம் என்பது புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 9.8 பெருக்கல் 540, வர்க்கமூலம் சுமார் 73. விநாடிக்கு 73 மீட்டர். போய்த் திரும்ப 5,400 மீட்டர். வகுத்தால் 74 விநாடி. 92 எங்கே, 74 எங்கே? எங்கே தவறு செய்கிறேன்?

அலைமானி

தவறே இல்லை, ரொம்பச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். 540 என்பது நடுவில் உள்ள ஆழம், அவ்வளவுதான். பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கு பெட்டி மாதிரி இருக்காது, கிண்ணம் மாதிரி இருக்கும். ஓரங்களில் ஆழம் குறைவு, அங்கே அலை மெதுவாகப் போகும். உங்கள் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 92 விநாடி வர வேகம் 59 வேண்டும். அதற்கு ஆழம் சுமார் 350 மீட்டர். நடுவில் 540 உள்ள ஒரு கிண்ண வடிவத்தின் சராசரி ஆழம் அதன் பக்கத்தில்தான் வரும். இது தோராயம்தான். ஆனால் ஒரு வகுத்தலில் இவ்வளவு அருகே வந்துவிட்டோம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆய்வாளர்களும் ஃபியோர்டு அடித்தளத்தின் நுணுக்கமான அளவீட்டை டென்மார்க் தரப்பிடமிருந்து வாங்கிய பிறகுதான் மாதிரி பொருந்த ஆரம்பித்தது. வடிவம் தெரியாமல் தாளம் வராது.

நேர்வாதி

எல்லாம் சரி, என் நெருடலைச் சொல்லிவிடுகிறேன். அதிர்வு தொடங்கிய மூன்றாம் நாள் டென்மார்க் ராணுவக் கப்பல் ஒன்று அந்த ஃபியோர்டுக்கே போயிருக்கிறது. அவர்கள் எந்த ஊசலாட்டத்தையும் பார்க்கவில்லை. நேரில் போனவர் பார்க்காததை, ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும் கருவியை வைத்து நடந்தது என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. கணினி மாதிரி என்பது நாம் கொடுத்ததைத் திருப்பித் தருவது.

இன்னொன்று. ‘பருவநிலை மாற்றம்தான் காரணம்’ என்று உடனே எழுதிவிட்டார்கள். மலை எப்போதும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணத்தை ஒட்டுவது அறிவியலா?

கருங்கல்

நேர்வாதி, இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள். முதலாவது என்னையும் உறுத்தியது.

கப்பலில் இருந்தவர்கள் ஏன் பார்க்கவில்லை? மூன்றாம் நாளில் உயரம் மிகக் குறைந்துவிட்டது. ஒன்றரை நிமிடத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நீரைக் கப்பல் தளத்திலிருந்து கண் உணராது. கப்பலும் நீரோடு சேர்ந்துதானே ஏறி இறங்கும்.

ஆனால் ‘மாதிரி மட்டும்தான் ஆதாரம்’ என்ற குறை 2025 ஜூன் மாதம் தீர்ந்தது. ஸ்வாட் என்று ஒரு செயற்கைக்கோள், அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் விண்வெளி அமைப்பும் சேர்ந்து 2022 டிசம்பரில் ஏவியது. பழைய செயற்கைக்கோள்கள் தம் பாதைக்கு நேர் கீழே ஒரு கோட்டில்தான் நீர்மட்டத்தை அளக்கும். இது அகலமான பட்டையாக அளக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்த நாட்களின் பதிவை எடுத்துப் பார்த்தபோது, ஃபியோர்டின் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே நீர்மட்டம் சாய்ந்திருந்தது. அதிகபட்சமாக இரண்டு மீட்டர் வித்தியாசம். வேறொரு நேரத்துப் பதிவில் சாய்வு எதிர்ப்பக்கம். அலை அங்கே இருந்ததற்கு இதைவிட நேரான சாட்சி வேறு என்ன வேண்டும்?

மாதிரி வருவதற்கு முன்பே இன்னொரு தடயம் கையில் இருந்தது. நிலப்பரப்பில் பரவும் அலைகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி போவதில்லை. எந்தத் திசையில் எந்த வகை அலை வலுவாக இருக்கிறது என்று பார்த்தால், தள்ளிய விசை எந்தப் பக்கமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அது ஃபியோர்டுக்குக் குறுக்காகக் கிடைமட்டமாக இருந்தது.

பருவநிலை விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். ஆய்வில் சொன்னது பொதுவான கோஷம் இல்லை, அந்தக் குறிப்பிட்ட சரிவைப் பற்றிய ஒரு கூற்று. மலையடிவாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிய பனியாறு பல பத்தாண்டுகளாக மெலிந்து, உயரத்தில் பல பத்து மீட்டர் இழந்திருந்தது. முட்டு போனது, மேலே நின்றது விழுந்தது. பாறையில் ஏற்கெனவே பலவீனம் இருந்திருக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த முட்டுக்கொடுப்பை எடுத்தது வெப்பம்.

பனிவரை

கருங்கல் சொன்ன ‘முட்டு’ என்பதில் எனக்குச் சேர்க்க இருக்கிறது.

1958 ஜூலை 9 அன்று அலாஸ்காவின் லிட்டூயா விரிகுடாவில் நீர் எதிர்மலையில் 524 மீட்டர் ஏறியது. பதிவான அளவுகளில் அதுவே உச்சம். ஆனால் அங்கே நிலநடுக்கம் வந்துதான் பாறை சரிந்தது. 2017 ஜூன் 17 அன்று மேற்கு கிரீன்லாந்தின் கராட் ஃபியோர்டில் சரிவு ஏற்பட்டு, நூகாட்சியாக் என்ற சிற்றூரில் நான்கு பேர் இறந்துபோனார்கள். வீடுகள் நீரோடு போயின. அங்கே முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை.

இப்போது 2025 மே மாதத்துக்கு வாருங்கள். சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமம். மேலே மலை நகர்வது தெரிந்தது. பாறைகள் கீழே இருந்த பிர்ச் பனியாற்றின் முதுகில் விழுந்து குவிந்தன, பாரம் தாங்காமல் பனியாறு வேகமெடுத்தது. சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று எல்லாம் ஒன்றாக இடிந்து கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. அதிர்வுமானியில் 3.1 அளவு நிலநடுக்கமாகப் பதிவானது. ஒருவர் மட்டும் இறந்தார். அத்தனை வீடுகள் புதைந்த இடத்தில் ஒருவர் என்பது, கவனித்துக்கொண்டிருந்தவர்கள் காப்பாற்றிய கணக்கு.

டிக்சனில் கவனிக்க யாரும் இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் போகும் வழி அதற்குப் பக்கத்தில்தான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

தென்றல்வழி

விளக்கத்துக்கு எல்லோருக்கும் நன்றி. நில அதிர்வைக் கொண்டு பூமியை அறிவது பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ‘பூமியின் உட்கரு சுழல்வதை நிறுத்திவிட்டது’ என்று ஒரு செய்தி வந்தது. என் மகள் பயந்துபோய்க் கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆழ்குரல்

அக்கா, முதலில் மகளிடம் சொல்லுங்கள்: எதுவும் நிற்கவில்லை. உட்கரு என்பது பூமியின் நடுவில் உள்ள திட உலோகப் பந்து. அதுவும் நாமும் சேர்ந்து நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். பேச்சு ஒப்பீட்டு வேகத்தைப் பற்றியது. மேலே உள்ள கவசத்தைவிட (பூமியின் தடித்த பாறை அடுக்கு) உட்கரு கொஞ்சம் முந்துகிறதா, பிந்துகிறதா என்பதுதான் கேள்வி. இணையாக ஓடும் இரண்டு ரயில்களில் ஒன்று சற்று வேகம் குறைந்தால், மற்றதில் இருப்பவருக்கு அது பின்னால் போவது போலத் தெரியும். இரண்டும் முன்னால்தான் போகின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தலைப்புச் செய்தியைவிட அழகு. தெற்கு சாண்ட்விச் தீவுகளில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, பல வருட இடைவெளியில் திரும்பத் திரும்ப நிலநடுக்கங்கள் வருகின்றன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. 1991 முதல் 2023 வரை அப்படி 121 நிலநடுக்கங்களை எடுத்து, உட்கரு வழியாகப் போய் மறுபக்கம் வெளிவந்த அலைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். புறப்பட்ட அலை ஒன்றே. வந்து சேர்ந்ததில் வித்தியாசம் என்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. சில ஆண்டுகளில் பழைய வடிவம் அப்படியே திரும்பி வந்தது. அதாவது உட்கரு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. கவசத்தோடு ஒப்பிட்டால் 2010 வாக்கிலிருந்து அது பின்தங்க ஆரம்பித்தது என்பது 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு.

உட்கரு இருப்பதே 1936இல்தான் தெரிந்தது. கண்டுபிடித்தவர் ‘இங்கெ லேமன்’ (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண். 1929இல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் அலைகள், வரவே கூடாத நிலையங்களில் மெல்லிசாகப் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இவர் விடவில்லை. பதிவுகளை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வந்த பெட்டிகளில் அடுக்கி வைத்துக் கணக்குப் போட்டார் என்று அவர் உறவினர் எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்கு இந்தப் பெட்டிக் கதையைச் சொல்லுங்கள், பயம் போய்விடும்.

நேர்வாதி

செயற்கைக்கோள் சாய்வுப் பதிவு எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வந்தேன், ஏற்றுக்கொள்கிறேன். அலை இருந்தது.

ஆனால் என் மனத்தில் உள்ள பெரிய கேள்வி இது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறோம் என்றால், நிலநடுக்கத்தை ஏன் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை? பிளாட்டனில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அலைமானி

மலைச்சரிவு விழுவதற்கு முன் நகர்கிறது, விரிசல் விடுகிறது, சிறு கற்களை உதிர்க்கிறது. அதை ரேடாரில் பார்க்கலாம். நிலநடுக்கப் பிளவு (இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் இடம்) பல கி.மீ. ஆழத்தில் பூட்டிக் கிடக்கிறது. உடையும் நொடிக்கு முன் எல்லா நிலநடுக்கத்துக்கும் பொதுவான, நம்பத்தகுந்த அறிகுறி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

‘ஆற்றல் வெளியாகிவிட்டது, இனி சில நூற்றாண்டு கவலை இல்லை’ என்று சொல்வதும் ஆபத்து. 1952இல் ரஷ்யாவின் கம்சட்கா கரையில் 9.0 அளவு நிலநடுக்கம். அதே கரையில், பெரும்பாலும் அதே பகுதியில், 2025 ஜூலையில் 8.8. இடைவெளி வெறும் 73 ஆண்டு. அங்கே பூமியின் மேலோட்டுத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. தள்ளுகிறது, 73 ஆண்டில் ஆறு மீட்டர் போலச் சேரும். அது போதும் என்று சிலர் சொல்வார்கள், 1952இல் எல்லாமே வெளியாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். விவாதம் முடியவில்லை.

ஆழ்குரல்

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த இழையைக் கடக்க மனமில்லை. 2025 மார்ச் 28, மியான்மர், சகாயிங் பிளவு, 7.7 அளவு நிலநடுக்கம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தத் துயரத்துக்கு நடுவே, ஒரு சூரிய மின் நிலைய வாயிலில் இருந்த கண்காணிப்புக் கேமராவில் பிளவே நகர்ந்தது பதிவாகியது. கேமரா இருந்த இடம் நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தெற்கே. முதலில் வாயில் அதிர்கிறது, பிறகு எதிரே உள்ள நிலம் முழுவதும் வழுக்கிக்கொண்டு போகிறது. பிளவு தரையைக் கிழித்து நகர்வதை மனிதர் காணொளியில் பார்த்தது அதுவே முதல் முறை.

கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காணொளியை ஒவ்வொரு படச்சட்டமாக அளந்தார்கள். 1.3 விநாடியில் 2.5 மீட்டர். போன பாதையும் நேர்கோடு இல்லை, லேசான வளைவு. பழைய பிளவுப் பாறைகளில் வளைந்த கீறல்கள் இருப்பதை நிலவியலாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். நகரும்போதே வளைந்ததை இப்போது நேரில் பார்த்துவிட்டோம். பிளவு எந்தத் திசையிலிருந்து கிழிந்துகொண்டு வந்தது என்பதை அந்த வளைவு சொல்லும் என்பதால், எழுதப்பட்ட வரலாற்றுக்கு முந்தைய நிலநடுக்கங்களையும் இனி வாசிக்க வழி பிறக்கிறது.

அந்தக் காணொளியை நான் முழுதாக ஒருமுறைதான் பார்த்தேன். அந்த நொடியில் வேறு இடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்த பிறகு மறுபடி பார்க்கக் கை வரவில்லை.

பனிவரை

காற்றையும் விட்டுவிடாதீர்கள். 2022 ஜனவரி 15, பசிபிக் கடலில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தது. சாம்பல் தூண் 57 கி.மீ. உயரம். அழுத்த அலை பூமியைப் பல முறை சுற்றியது. வானில் ஓடிய அந்த அலை கடலையும் கூடவே தள்ளிக்கொண்டு போனதால், பல கரைகளில் கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே நீர் ஏறத் தொடங்கியது. சுனாமி எச்சரிக்கைக் கணக்குகள் நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காற்று வழியாக வரும் சுனாமிக்கு அவற்றில் அப்போது இடம் இருக்கவில்லை.

தென்றல்வழி

பெட்டிக் கதையை மகளிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவளுக்கு ஒரு கேள்வி. கைப்பேசியை மேசை மேல் வைத்தால் டிக்சன் அதிர்வு அதில் தெரிந்திருக்குமா?

அலைமானி

தெரியாது. நிலம் அசைந்தது மயிரிழைத் தடிமனைவிட மிகக் குறைவு, அதுவும் ஒன்றரை நிமிடத்தில் ஒருமுறை. கைப்பேசி உணரி வேகமான குலுக்கலுக்குச் செய்தது. விலை குறைந்த வீட்டு அதிர்வுமானிகளும் இவ்வளவு மெதுவான அசைவைப் பிடிக்காது. அகல அலைவரிசை நில அதிர்வுமானி வேண்டும். ஆனால் அந்தக் கருவிகளின் பதிவுகள் பொதுவில் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

ஓடைமணல்

இறக்கிவிட்டேன்.

இரண்டு இரவு ஆனது. 2023 செப்டம்பர் 15 முதல் 26 வரையிலான பதிவு. முதலில் ஒன்றும் தெரியவில்லை, கடல் அலைகளின் இரைச்சல்தான். பிறகு 92 விநாடிக்குப் பக்கத்தில் உள்ளதை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டினேன். 16ஆம் தேதி மதியத்துக்கு மேல் கோடு சட்டென்று தடிக்கிறது. 17இல் தெளிவாக இருக்கிறது. 19இல், அந்தக் கப்பல் போன சமயத்தில், மெலிந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. 22க்கு மேல் எனக்குத் தெரிவது உண்மையா, ஆசையா என்று சொல்ல முடியவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நேர்வாதி, படத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வடிகட்டியது சரியா என்று நீங்களே பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள்.

நேர்வாதி

அனுப்புங்கள். வடிகட்டாத மூலப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள், நானும் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன்.

கருங்கல்

அதே ஃபியோர்டில் அக்டோபர் 11 அன்று இன்னொரு சரிவு நடந்து, இதே தாளம் மறுபடி கேட்டது. முதலாவதைவிட வலு குறைவு. ஓடைமணல், முடிந்தால் அந்த வாரத்தையும் எடுங்கள்.

ஓடைமணல்

கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.